சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரும் என் பேத்தியின் எம்.எம்.ஏ.வும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரில் பாதி படித்திருப்பேன். பேத்தி ஒரு தாளை நீட்டினாள்.

"அப்புச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. எம்.எம்.ஏ. கிளாஸ்ல சேரப் போறேன்."

பதினேழு வயது. காலேஜ் முதல் வருடம். மகளும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் இருப்பதால் எங்களோடு இருக்கிறாள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம்.

எம்.எம்.ஏ. என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஆள்தான். "சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் போய்ச் சேர்ந்து அம்பது வருஷம் ஆகப்போகுது கண்ணு, அவரு பேர்ல யாரு கிளாஸ் நடத்தறாங்க?" என்று கேட்டேன். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டேன். அவளுக்குத் தேவர் யாரென்று தெரியவில்லை. எனக்கு அவள் சொன்ன எம்.எம்.ஏ. என்னவென்று தெரியவில்லை. கணக்குச் சரியாகப் போயிற்று.

மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் என்று விளக்கினாள். குத்துச்சண்டை, மல்யுத்தம், தாய்லாந்துச் சண்டை, பிரேசில் ஜியு ஜிட்சு எல்லாம் கலந்த ஒன்று. போனில் ஒரு வீடியோவும் காட்டினாள். கம்பிவலைக் கூண்டுக்குள் ஒருத்தி இன்னொருத்தி மேல் உட்கார்ந்து முகத்தில் குத்திக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி அதோடு முடிவு கட்டிவிட்டாள்.

"ஏனுங்க, பொட்டப் புள்ளைக்கு மூக்கு ஒடஞ்சா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது? கையெழுத்துக் கியெழுத்துப் போட்டுடாதீங்க."

மஸ்கட்டுக்கு போன் போட்டால், "அப்பா, நீங்க நேர்ல பாத்து என்ன சொல்றீங்களோ அதுதான்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார்கள். சரி, தெரியாத விஷயத்தில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு மில் ஆபீஸிலேயே கிடையாது. மூன்று வாரம் படித்தேன், பார்த்தேன், இரண்டு முறை அந்தக் கிளாஸுக்கே போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். கூடவே ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதியும் வரும்.

முதலில் தேவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் பேரில் இருந்த எம்.எம்.ஏ. வெறும் இனிஷியல்தான். ஆனால் 'சாண்டோ' இரவல் வாங்கிய பட்டம். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன்காரர், 1867-இல் பிறந்தவர், தசைகளைக் காட்டியே உலகம் முழுக்கப் பேர் வாங்கினார். 1901-இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கானன் டாயில் ஒரு நடுவர். 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து போனார். அதற்குப் பிறகு இங்கே உடம்பை ஏற்றியவனெல்லாம் சாண்டோ ஆனான். நம் திருப்பூர் பனியன் வியாபாரத்தில் கையில்லாத பனியனுக்கு இன்றைக்கும் 'சாண்டோ' என்றுதான் பேர். போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதனின் பேர் என்று தெரியும்?

சின்னப்பா தேவர் 1915-இல் நம் கோவை ராமநாதபுரத்தில் பிறந்தவர். பங்கஜா மில்லில் தொழிலாளி. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து சேர்ந்ததும் கோவையில் மில்கள் மளமளவென்று பெருகின. சுற்றுக் கிராமங்களிலிருந்து இளவட்டங்கள் வேலைக்கு வந்தார்கள். ஷிப்டு முடிந்தால் போக இடம் வேண்டுமே. டீக்கடை, டென்ட் கொட்டகை, அதற்கடுத்தது தேகப் பயிற்சிசாலை. தேவர் நண்பர்களோடு சேர்ந்து நடத்தியது வீரமாருதி தேகப் பயிற்சிசாலை. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி என்று உடம்பை ஏற்றிவிட்டு, ஜூபிடர் பிக்சர்ஸ் படமெடுத்த சென்ட்ரல் ஸ்டுடியோவில் சண்டை போடுகிற சின்ன வேஷங்களுக்குப் போனார். அங்கேதான் எம்.ஜி.ஆர். பழக்கம். 1947-இல் வந்த 'ராஜகுமாரி' எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். அதில் அவரோடு மோதுகிறவர் தேவர். பிறகு 1956-இல் தேவரே 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்து முதலாளி ஆனதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

எங்கள் அப்பாவும் மில் தொழிலாளிதான், சிங்காநல்லூர் பக்கம். தேவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். "மார்பு கதவு மாதிரி" என்பார். அந்த ஆசையில்தான் என்னை 1968-இல் சிலம்பத்தில் சேர்த்துவிட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

எங்கள் வாத்தியார் மில்லில் நைட் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து, காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரை மேட்டில் பாடம் எடுப்பார். நெற்றி உயரத்துக்குக் கம்பு. முதல் ஆறு மாதம் கம்பு சுற்றவே விடவில்லை, காலடி மட்டும்தான். முன்வைப்பு, பின்வைப்பு, திரும்பல். அதற்குப் பிறகு வீச்சு, தடுப்பு. இரண்டு வருடம் கழித்து வெறுங்கைக் குத்துவரிசை. அதில் குத்து உண்டு, தட்டி விலக்குவது உண்டு, கையைப் பிடித்து முறுக்குகிற பூட்டு உண்டு. கற்றுக்கொடுத்ததையெல்லாம் நின்றபடியே செய்தோம். அது ஒரு குறை என்று அப்போது தோன்றவே இல்லை.

1973-இல் ஒரு மாரியம்மன் நோம்பி. கம்பு விளையாட்டு முடிந்து, சாமி ஊர்வலம் கிளம்புவதற்கு நடுவே இளவட்டங்கள் சும்மா உரசிக்கொண்டிருந்தோம். டவுன் பக்கம் ஏதோ ஒரு கோதாவில் குஸ்தி பழகியவன் ஒருவன் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தான். என்னைவிடக் குள்ளம். "கம்பில்லாம வாங்க பாக்கலாம்" என்றான். நானும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். அழகாகக் காலடி வைத்து ஒரு குத்து விட்டேன். அவன் குனிந்தான். என் வலது காலை இரண்டு கையாலும் வாரிக்கொண்டான். அடுத்த நொடி வானம் தெரிந்தது.

அது பரவாயில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் மறக்கவில்லை. மார்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்தான். ஐந்து வருடம் படித்த பாடத்தில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. கையை வீசினேன், காலை உதைத்தேன், கரையில் போட்ட மீன் மாதிரி துடித்தேன். சுற்றி நின்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பெண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். ஐம்பதில் அவனே எழுந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மறுநாள் வாத்தியாரிடம் கேட்டேன். "கீழ விழுந்துட்டா என்ன பண்றதுங்க வாத்தியாரய்யா?"

"விழாம நிக்கறதுதாம்ப்பா பாடம்."

அதோடு நான் போவதை நிறுத்திவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவரும் ஆளனுப்பிக் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் வைப்பேன், அவ்வளவுதான். 1981-இல் அவர் காலமானார்.

இப்போது உலகக் கதைக்கு வருகிறேன். நம்மூர்க் குஸ்தியானாலும் வடக்கே காமா பயில்வான் ஆடிய குஸ்தியானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. நம் பேச்சிலேயே பாருங்கள், தோற்றவன் மண்ணைக் கவ்வுகிறான். தோல்வியை ஒத்துக்கொள்ளாதவன் குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறான். மண் பட்டதும் ஆட்டம் முடிந்தது. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டிய தேவையே பயில்வானுக்கு இல்லை. குத்துச்சண்டையிலும் அப்படித்தான். விழுந்தால் நடுவர் எண்ணுவார், கட்டிப்பிடித்தால் பிரித்துவிடுவார். சிலம்பத்தில் கம்பு உடம்பில் தொட்டால் கணக்கு. ஆக, ஒவ்வொரு வித்தையும் தன் விதி எங்கே முடிகிறதோ அங்கேயே சண்டையும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறது. மிச்சத்தைக் கேட்டால் எங்கள் வாத்தியார் சொன்ன பதில்தான் எல்லா ஊரிலும் வரும்.

மண்ணில் விழுந்த பிறகுதான் பாடமே என்று ஆரம்பித்த ஒரு வழி ஜப்பானிலிருந்து கிளம்பியது. ஜிகாரோ கானோ என்ற பள்ளி ஆசிரியர், பழைய ஜுஜுட்ஸுப் பள்ளிகளில் படித்தவற்றைச் சேர்த்து 1882-இல் கொடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவிட்டு, முழுப் பலத்தோடு தினமும் மோதிப் பழகக்கூடியவற்றை வைத்துக்கொண்டார். என் கணிப்பில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான். அவர் பள்ளியில் படித்த மிட்சுயோ மயேதா ஊர் ஊராகச் சவால் சண்டை போட்டுக்கொண்டே 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலேம் நகரில் கிரேஸி என்ற குடும்பத்துப் பையன் கார்லோஸ் அவரிடம் கற்றுக்கொண்டான். தம்பி ஹீலியோ ஒல்லி. அவர்கள் குடும்பமாக உட்கார்ந்து இழைத்ததுதான் பிரேசில் ஜியு ஜிட்சு. மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே இருப்பவனை இரண்டு காலாலும் கவ்வி, அங்கிருந்தே கையைப் பூட்டுவது, கழுத்தை நெரிப்பது. முதுகில் மண் ஒட்டுவது அவர்களுக்குத் தொடக்கம். 1951-இல் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் ஹீலியோவின் கையை ஒடித்தார். ஹீலியோ கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, அவர் பக்கத்து ஆட்கள் துண்டு வீசி நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றே பேர் வைத்திருக்கிறார்கள். தோற்கடித்தவன் பேரைப் பாடத்துக்கு வைக்க ஒரு மனசு வேண்டும்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1976 ஜூன் 26, டோக்கியோ. உலகக் குத்துச்சண்டை சாம்பியன் முகமது அலியும் ஜப்பான் மல்லர் அந்தோனியோ இனோகியும் மோதினார்கள். அப்போது எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். நடந்தது என்ன? இனோகி மல்லாந்து படுத்துக்கொண்டு பதினைந்து சுற்றும் அலியின் காலையே உதைத்துக்கொண்டிருந்தார். அலிக்குக் குனிந்து குத்தத் தெரியாது, இனோகிக்கு எழுந்தால் மூக்கு போய்விடும். டிரா. பார்த்தவர்கள் ஏமாந்து திட்டினார்கள். அலிக்குக் கால் வீங்கி, ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. இருவரும் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழையப் பயந்த கதை அது.

1993 நவம்பர் 12. அமெரிக்காவில் டென்வர் நகரம். கிரேஸி குடும்பத்து மூத்த பிள்ளை ஒருவர் முன்னின்று எட்டுப் பேரைக் கூண்டுக்குள் விட்டார். சுமோ, கராத்தே, குத்துச்சண்டை, பிரெஞ்சு உதைச்சண்டை என்று ஆளுக்கொரு வித்தை. எடைப் பிரிவு கிடையாது. கடிக்கக்கூடாது, கண்ணை நோண்டக்கூடாது. கி.மு. 648-இல் கிரேக்க ஒலிம்பிக்கில் சேர்த்த பாங்க்ரேஷன் சண்டைக்கும் இதே இரண்டு தடைதான் இருந்ததாம். உண்மையைச் சொன்னால் டென்வரில் நடந்தது ஒரு குடும்ப விளம்பரம். ஹீலியோவின் பிள்ளை ராய்ஸ், எண்பது கிலோ சுமாருக்கு இருப்பார், பைஜாமா மாதிரி ஒரு வெள்ளை உடையில் வந்தார். மூன்று பேரைத் தோற்கடித்தார். மூன்று சண்டையும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.

அதில் முதல் சண்டையைப் பேத்தி எனக்கு யூடியூபில் போட்டுக் காட்டினாள். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். ராய்ஸ் காலைக் கட்டி விழத்தட்டி மார்மேல் ஏறி உட்காருகிறார். அடிகூட விழவில்லை. ஜிம்மர்சன் திணறிப் பார்த்துவிட்டுத் தரையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கொள்கிறார். பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதனின் முகத்தில் இருந்த திகைப்பு எனக்குத் தெரிந்த திகைப்பு. மாரியம்மன் கோயில் வாசலில் இருபது வருடம் முன்னாலேயே அதை நான் பார்த்துவிட்டேன், கீழேயிருந்து.

மறுநாள் முதல் உலகம் முழுக்க ஜியு ஜிட்சு ஜெயித்துவிட்டது என்றால் அதுவும் தப்பு. கொஞ்ச நாளில் அமெரிக்க மல்யுத்தக்காரர்கள் வந்தார்கள். மார்க் கோல்மன் மாதிரி ஆட்கள் விழத்தட்டி, மேலே இருந்தபடியே குத்தினார்கள். 1997-இல் மாரிஸ் ஸ்மித் என்ற உதைச்சண்டைக்காரர் அதே கோல்மனை வென்றார். எப்படி? கீழே கிடக்கும்போது தப்பிக்க மட்டும் கற்றுக்கொண்டு வந்தார். கோல்மன் களைக்கும்வரை தாங்கி, எழுந்து நின்று தன் வித்தையைக் காட்டினார். அன்றைக்குத்தான் 'கலப்பு' என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்தது என்று நினைக்கிறேன். எல்லோரும் எல்லோருடைய பள்ளிக்கும் போக ஆரம்பித்தார்கள்.

இதற்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஜான் மெக்கெயின் என்ற செனட்டர் இதை மனிதச் சேவற்கட்டு என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடை போட்டன. சேவற்கட்டு என்றால் நமக்குப் புரியும். அரவக்குறிச்சி பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவன் நான். சேவலுக்குத் தட்டிச் சொல்ல வழியில்லை, மனிதனுக்கு இருக்கிறது. 2000, 2001 வாக்கில் நியூஜெர்சியில் பொது விதிகள் எழுதினார்கள். எடைப் பிரிவு, சுற்று நேரம், கிளவுஸ், பின்மண்டையில் அடிக்கத் தடை, விழுந்தவன் தலையில் உதைக்கத் தடை. அதற்குப் பிறகுதான் இது விளையாட்டு ஆனது. 2024 ஜூனில் உத்தரப்பிரதேசத்துப் பெண் பூஜா தோமர் யு.எஃப்.சி. கூண்டில் ஜெயித்தார். அங்கே ஜெயித்த முதல் இந்தியர் ஒரு பெண். இதை நான் வீட்டில் சொன்னபோது சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

சரி, நம் பக்கம் என்ன ஆயிற்று? "எல்லாம் இங்கேயிருந்து போனதுதான், போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோனார்" என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை எனக்கு வருகிறது. போதிதர்மரைச் சண்டைக் கலையோடு சேர்க்கிற கதைக்குச் சீனத்தில் கிடைக்கிற ஏடு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தி. அந்தப் பெருமையை நான் பிடித்துக்கொள்ளவில்லை. நம்மிடம் அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது.

உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 80-ஆம் பாட்டு. பாடியவர் சாத்தந்தையார். தித்தன் என்ற சோழனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, அப்பனோடு மனத்தாங்கலாகி வெளியே போய் ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான். மற்போர் என்றால் புலவர்கள் பொதுவாகத் தோளையும் மார்பையும் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். இந்தப் புலவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தியிருக்கிறது, இன்னொரு கால் அவன் செய்கிற தந்திரத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைத்திருக்கிறது. மூங்கிலை முறிக்கிற யானை மாதிரி தலைப்பக்கமும் கால்பக்கமும் முறிய மோதுகிறான். பெற்ற அப்பன் சந்தோஷப்பட்டாலும் படாவிட்டாலும் இதை வந்து பார்க்கட்டும் என்று முடிக்கிறார். அடுத்து 83 முதல் 85 வரை நக்கண்ணையார் பாடியது. அவனை விரும்புகிற பெண். வெற்றி அவனுக்குத்தான் என்று சிலரும் இல்லை என்று சிலரும் ஊரில் வாதாட, கொலுசு ஒலிக்க ஓடிப் போய்ப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறாள்.

கவனித்தீர்களா? விழுந்த பிறகும் ஆட்டம் நடக்கிறது. மண் பட்டதும் நிறுத்தவில்லை. அப்படியென்றால் எங்கள் வாத்தியாரிடம் இல்லாத அந்தப் பாடம் ஒரு காலத்தில் இங்கே இருந்திருக்கிறது.

எப்போது விட்டுப்போயிற்று? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் கும்பினி அரசாங்கம் ஆயுதம் தரிக்கத் தடை போட்டது. நான்கு வருடத்தில் நம் தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். 1878-இல் ஆயுதச் சட்டம் வேறு. சண்டைக்காகக் கற்பது சந்தேகத்துக்குரிய காரியம் ஆனபோது, கோயில் விளையாட்டு என்று சொன்னால்தான் கம்பு பிழைக்கும். பிழைத்தது. ஆனால் விளையாட்டில் பார்க்க அழகாக இருப்பது நின்றது, பார்க்க அழகில்லாத உருளலும் புரளலும் உதிர்ந்திருக்கும். போதாததற்கு ஒவ்வொரு வாத்தியாரும் தன் வரிசையை மூடி வைத்தார். அடுத்த ஊர்க்காரன் பார்த்தால் பாடத்தை நிறுத்திவிடுவார்கள்.

எல்லா வித்தையும் ஒரே உடம்பில் சேர்ந்த ஒரே இடம் நமக்குச் சினிமாதான். எம்.ஜி.ஆர். ஒரே படத்தில் கம்பு சுற்றுவார், கத்தி வீசுவார், குஸ்தி பிடிப்பார், குத்துவார். அவரையும் நாம் வாத்தியார் என்றோம். ஆனால் அங்கே யார் விழ வேண்டும் என்று காலையிலேயே எழுதியாயிற்று. 'ரிக்‌ஷாக்காரன்' சண்டையை இன்றைக்கும் நான் வாய் பிளந்து பார்ப்பேன், அது வேறு. புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' 1973-இல் எடுத்தது, நம்மூருக்குப் பிந்தித்தான் வந்தது. ஊரே உதையைப் பார்த்துக் கராத்தே கிளாஸில் சேர்ந்தது. அந்தப் படத்தின் முதல் சண்டையை இப்போது போட்டுப் பாருங்கள். விரல் தெரிகிற சின்னக் கிளவுஸ், குத்து, உதை, கடைசியில் எதிராளியைக் கீழே போட்டு ஒரு பூட்டு. இன்றைய கூண்டுச் சண்டையின் சாயல் அத்தனையும் அதில் இருக்கிறது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கிளாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். சரவணம்பட்டி பக்கம் ஒரு டூவீலர் ஷோரூமுக்கு மேல் மாடி. வேர்வை நாற்றமும் டெட்டால் நாற்றமும். முதல் நாள் தாய்லாந்துச் சண்டை, முய் தாய். இரண்டு கை, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால் எலும்பு, ஆக எட்டு ஆயுதம். தாய்லாந்தில் மோதுவதற்கு முன் குருவை நினைத்து மண்டியிட்டு ஒரு வணக்கம் ஆடுவார்களாம், நம் சிலம்ப வணக்கம் மாதிரியே. இரண்டாம் நாள் தரைப்பாடம். பெண்கள் நான்கு பேர், பையன்கள் பத்துப் பேர். பேத்தி, சேர்வதற்கு முன்னாலேயே ஒரு வாரம் இலவசமாகப் பார்க்க வந்தவள், என் எதிரில் மல்லாந்து கிடந்தாள். அவளைவிடப் பெரிய ஒரு பெண் பின்னாலிருந்து கழுத்தில் கையைக் கோத்து இறுக்கினாள்.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி சாய்ந்தது.

அதற்குள் பேத்தி அந்தப் பெண்ணின் கையை இரண்டு முறை தட்டினாள். பிடி உடனே விட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர், முப்பது வயதிருக்கும், என்னிடம் வந்தார். "சார், நாங்க முதல்ல சொல்லிக் குடுக்கறதே தட்டறதுக்குத்தானுங்க. தட்டுனப்புறமும் விடாதவனை நான் மறுநாள் உள்ள விடமாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த இரண்டு தட்டுதான் மனதில். எனக்கு 1973-இல் அது தெரிந்திருந்தால் ஐம்பது எண்ணிக்கை ஓடியிருக்காது. இரண்டில் முடிந்திருக்கும். எழுந்து இன்னொரு முறை மோதியிருப்பேன். வாத்தியாரை விட்டும் வந்திருக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட்டேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: பழகலாம், தரையில் உருளலாம், ஆனால் மண்டையில் அடி விழுகிற போட்டிக்கு இப்போது போகக்கூடாது. இருபத்தொரு வயதுக்கு மேல் அவள் இஷ்டம். பேத்தி முகம் சுளித்தாள், ஒத்துக்கொண்டாள். அவள் அம்மிச்சி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் புறநானூற்றுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேத்தியைக் கூப்பிட்டேன். "கண்ணு, ஒரு கால் நெஞ்சு மேல, ஒரு கால் பின்னால வளைச்சு அவன் பண்றதைத் தடுக்கோணும். இப்படி ஒண்ணு உங்க பாடத்துல இருக்குதா?" அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஹாலில் பாயை விரித்துப் படுக்கப் போட்டாள். ஒரு முழங்காலை அவன் நெஞ்சில் வைத்தாள். இன்னொரு காலை அகட்டி ஊன்றினாள். "இதுக்கு நீ ஆன் பெல்லின்னு பேர் அப்புச்சி. ஆனா உங்க பாட்டுல ரெண்டாவது கால் முதுகுப் பக்கம் இல்ல இருக்குது?" என்று காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பையன் திரும்பப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு முறை தரையைத் தட்டினான்.

"அடக் கெரகமே, அவங்கம்மா பாத்தா என்னாகும்" என்று ஓடி வந்த என் மனைவி, வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்தக் காலை இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளி வெய்யி சாமி" என்றாள்.

அட்டாலியில் என் பழைய கம்பு இருக்கிறது. காலடிப் பாடம் வேண்டும் என்று கேட்கிறாள். பயிற்சியாளரும் சொன்னாராம், நின்று மோதும்போது கால் சரியாக விழவில்லை என்று. எனக்கு முட்டி வலி, சுற்றிக் காட்ட முடியாது. ஆனால் முன்வைப்பு, பின்வைப்பு, திரும்பல், இந்த மூன்றும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குக் கம்பைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.